“பார்க்க வராதீங்க” என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். ராத்திரி வண்டி அனுப்புறோம், பசங்க வந்து தூக்கிட்டு வந்துடுவாங்க. மூணு மாசம் மட்டும் பார்க்க வராதீங்க.” பள்ளிப் பையில் கூல் லிப் புகையிலையோ வலி மாத்திரை அட்டையோ கிடைத்து, கை கால் ஓடாமல் நிற்கும் பெற்றோருக்கு இந்தப் பேச்சு பெரிய ஆறுதல். நம்பிவிடாதீர்கள். 18 வயது நிறையாத பிள்ளையை அப்படிக் கொண்டுபோய் அடைத்து வைக்க எந்தப் போதை மறுவாழ்வு மையத்துக்கும் அதிகாரமில்லை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், போதையால் வரும் மனநலக் கோளாறுகளுக்கும் பொருந்தும். தங்கவைத்துச் சிகிச்சை தரும் மறுவாழ்வு மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த பேச்சே வேண்டாம்.

சிறார்களைச் சேர்ப்பதற்கென்றே 87-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ பிள்ளையைத் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். வெளியில் வைத்துப் பார்க்க வழியே இல்லை என்றால்தான் அட்மிஷன். பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக்கூடாது. 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்த ஒருவரோ கடைசி நாள் வரை பிள்ளையின் கூடவே இருக்க வேண்டும். மகளை அப்பா சேர்த்தால், துணைக்கு ஒரு பெண் இருந்தாக வேண்டும். சங்கிலி, தனியறைச் சிறை, கட்டாய மொட்டை எதற்கும் அனுமதியில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2022-ல் சென்னை ராயப்பேட்டை போதை மறுவாழ்வு மையமொன்றில் சேர்க்கப்பட்டவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் ஊழியர்கள் கைதானார்கள். அடி மட்டுமல்ல ஆபத்து. குடியையோ தூக்க மாத்திரையையோ திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் இல்லாத இடத்தில் அது உயிரையே பறிக்கும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அட்மிஷனே தேவைப்படாது என்பதுதான் என் எண்ணம். வெளிநோயாளியாகக் காட்ட, சென்னை அம்பத்தூர்க்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை பக்கம். ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். திருவள்ளூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆவடியிலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 டெலி மானஸ். போதைப் பழக்கத்துக்கென்றே 14446.

போலீசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். சிறிய அளவு போதைப்பொருளோடு சிக்கியவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து காக்கிறது. பிள்ளைக்கு அதைக் கொடுத்தவருக்கோ சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை.

ஏற்கெனவே சேர்த்துவிட்டு மனசு கேட்காமல் தவிக்கிறீர்களா? சேர்த்த நீங்கள் டிஸ்சார்ஜ் கேட்டால் அனுப்பியாக வேண்டும். “கோர்ஸ் முடியல” என்ற பதில் செல்லாது. கோரிக்கையை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் மறுஆய்வு வாரியத்தில் புகார் கொடுங்கள்; இலவச சட்ட உதவிக்கு 15100. பிள்ளையை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்த நிமிடமே 1098-க்கு அழையுங்கள்.