மண்ணு ஒண்ணுதான், அச்சு வேற!



எதிரணி நண்பர் கேட்டார்: "இன்ஜினியரிங் படிச்சவன் வேற வேலைக்குப் போனா, நாலு வருஷப் படிப்பும் வெள்ளாத்துல கரைச்ச புளிதானே?" நீங்களும் கைதட்டினீங்க.

ஐயா, நான் மேடை ஏறும் முன்னே ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிலத்தை அடகு வெச்சுப் படிக்க வெச்சேன் சார். மகன் இன்ஜினியர் வேலை வேணாம், போட்டித் தேர்வு எழுதப்போறேங்கறான். ஊர்ல எப்படி முகம் காட்டுவேன்?" அவருக்குத்தான் என் பதில்.

பக்கத்திலே விருத்தாசலம். பீங்கானுக்குப் பேர்போன ஊர். களிமண் கூழை அச்சிலே ஊத்துறாங்க. ஒரு அச்சிலே பொம்மை வருது, இன்னொரு அச்சிலே கோப்பை வருது. பொம்மையாப் போன மண்ணு வீணாப்போச்சுன்னு யாராவது அழுதாங்களா?

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர் வெங்கட்ராகவன். இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆடினார். பிறகு 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட்களில் நடுவர்! நடுவர் அவர்களே, உங்க நாற்காலிக்கே ஒரு இன்ஜினியர் வந்துட்டார்! (சிரிப்பு) அதே கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர் கிரேசி மோகன். அவர் நாடகத்தில் ஒரு பொய் இன்னொரு பொய்யைச் சுற்றிவிடும். அது மூன்றாவதைச் சுற்றிவிடும். பல்சக்கரம் தெரிந்த கை அய்யா அது!

வழிகளுக்கா பஞ்சம்? ஐ.ஏ.எஸ்., குரூப் 1, வங்கி அதிகாரி தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் மூன்றும் விருப்பப் பாடங்களாகவே இருக்கின்றன. பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டு சட்டப் படிப்பு உண்டு. கட்டட வழக்கிலே வரைபடம் படிக்கத் தெரிந்த வக்கீல் கிடைத்தால் கசக்குமா?

ஆனா தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை. பாலம் கட்டுறவன் எந்தத் தேதியில முடிப்பேன்னு எழுதிக் கொடுக்கிறானே, நீயும் அப்பாகிட்ட எழுதிக் கொடு. எத்தனை தடவை தேர்வு எழுதுவேன், தவறினா அடுத்து என்ன செய்வேன்னு சொல்லு. நீ படிக்கிற நேரத்திலும் அடகு வட்டி தூங்காது.

பெரியவரே, சூளையில் வெந்த மண்ணைத்தான் மாற்ற முடியாது. இருபத்திரண்டு வயசு இன்னும் வேகாத மண்ணு. ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து, அவசரப்பட்டுச் சூளையை மூட்டிடாதீங்க.