டேப் இல்லாமல் தூரத்தை அளக்கும் போன்: எவ்வளவு நம்பலாம்?

புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டுக்கு ஆன்லைனில் சோபா பார்க்கிறீர்கள். 'நீளம் 190 செ.மீ.' என்று போட்டிருக்கிறது. சுவரை அளக்க வீட்டில் டேப் இல்லை. 'போன்லயே அளந்துடலாமே' என்று தோன்றுகிறதா? தாராளமாக அளக்கலாம். ஆனால் கேமரா தூரத்தை எப்படிக் கணிக்கிறது என்று தெரிந்தால்தான், எந்த அளவை நம்பலாம் என்பது புரியும்.

ஒரே ஒரு போட்டோ போதாதா?

போதாது. பக்கத்தில் இருக்கும் பொம்மை காரும், தள்ளி நிற்கும் நிஜ காரும் போட்டோவில் ஒரே சைஸில் தெரியலாம். தூரத்தைச் சொல்ல கேமராவுக்குக் கூடுதலாக ஒரு தகவல் வேண்டும். அது மூன்று வழிகளில் கிடைக்கிறது.

1. தெரிந்த அளவு: ஏடிஎம் கார்டின் நீளம் 8.56 செ.மீ. அதை 50 செ.மீ. தள்ளி நேராக வைத்துப் படம் எடுங்கள். படத்தில் அது 500 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு படத்தில் அதே கார்டு 250 பிக்சல் என்றால், அது 1 மீட்டர் தள்ளி இருக்கிறது. உருவம் பாதியானால் தூரம் இரட்டிப்பு, அவ்வளவுதான் கணக்கு. இடையில் லென்ஸையோ ஜூமையோ மட்டும் மாற்றிடாதீங்க.

2. அசைவு: கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரை வைத்துப் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரியும். அளக்கும் ஆப்கள் 'போனை அசையுங்கள்' என்று கேட்பது இதற்காகத்தான். போன் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கணிக்க ஆக்சிலரோமீட்டரும் கைரோஸ்கோப்பும் உதவுகின்றன.

3. ஒளியின் பயணம்: 2020-ல் வந்த ஐபோன் 12 ப்ரோ முதல் ப்ரோ மாடல்களில் லைடார் சென்சார் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். 5 மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்குச் சுமார் 33 நானோ செகண்ட் போதும். இதன் எல்லையும் ஏறக்குறைய அந்த 5 மீட்டர்தான்.

எங்கே சொதப்பும்?

வெறும் வெள்ளைச் சுவரிலும் மங்கலான வெளிச்சத்திலும் அசைவு முறை தடுமாறும், அடையாளம் வைக்கப் புள்ளிகள் கிடைக்காது. கண்ணாடிக் கதவில் ஒளி ஊடுருவிப் போய்விடுவதால் லைடாரும் ஏமாறும்.

அப்போ என்ன செய்வது?

முதலில் ஆப்பை சோதித்துப் பாருங்கள். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. ஆப் 31 என்று காட்டினால் 4 சதவீதத்துக்கு மேல் தப்பு. சுவரிலும் அதே விகிதத்தில் தப்பினால், 190 என்று காட்டும் இடம் உண்மையில் 182 செ.மீ.தான். சோபா உள்ளே போகாது!

அளந்த இடத்தில் சோபா போக 20 செ.மீ. மிச்சமிருந்தால் தைரியமாக ஆர்டர் போடுங்கள். வாசல் கதவையும் லிஃப்ட்டையும் சேர்த்து அளந்துடுங்க. இடம் இழுபறியாக இருந்தாலோ, அலமாரி, கிச்சன் கேபினட் போல அளவெடுத்துச் செய்யும் வேலை என்றாலோ, பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு டேப் வாங்கிடுங்க. திருப்பி அனுப்பும் அலைச்சலுக்கு அது எவ்வளவோ மேல்.