பூச்சாடியில் இயற்கைக் காட்சி தீட்டுதல்

நெல் அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின் கமக்காரர் இல்லங்களிற் சிறிது ஓய்வு கிட்டும். அக்காலத்தில் மண் பூச்சாடிகளுக்குச் சித்திரம் தீட்டுதல் பயனுள்ள கைத்தொழிலாகும். வெறுஞ்சாடியிலும் சித்திரச் சாடியில் நட்ட செடி வாங்குவோரின் கண்ணைக் கவரும். ஆயினும், முறையறியாது தீட்டிய சாடியின் தீந்தை ஒரு மாரிக்குள் உரிந்துவிடும், செடியும் வாடக்கூடும்.

சுட்ட மண்ணின் இயல்பு

மண்சாடியின் சுவரில் நுண்டுளைகள் உண்டு. உள்ளிருக்கும் நீர் அவற்றினூடே கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாவதால் வேர்கள் குளிர்ச்சி பெறுகின்றன. அந்நீரோடு வரும் உப்புக்களே சாடியின்மேல் வெண்மையாகப் பூப்பன. தடித்த தீந்தை இவ்வழியை அடைத்தால், நீர் அதன் பின்னே தங்கிக் கொப்புளம் உண்டாக்கும். ஆதலால், செடியைச் சிறிய பிளாத்திக்குச் சாடியில் நட்டு, அதனைச் சித்திரச் சாடியினுள் வைத்தலே சிறந்தது. நேரே நடுவதாயின் உட்புறத்தில் நீர்காப்புப் பூச்சு இடுக. அவ்வாறு பூசிய சாடியில் நீர் மெதுவாகவே வற்றும். ஆகவே மண்ணைத் தொட்டுப் பார்த்து அளவாக ஊற்றுக. அடித்துளையை ஒருபோதும் அடைத்தலாகாது.

ஆயத்தம்

விரலாற் தட்டும்போது கணீரென ஒலிக்கும் சாடியைத் தெரிக. மந்தமாக ஒலிப்பது வெடிப்புள்ளதாகலாம். பழஞ்சாடியை ஒருநாள் நீரில் ஊறவைத்து, உப்பும் பாசியும் போகத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் நன்கு உலர்த்துக. ஈரச்சாடியில் தீந்தை பற்றாது.

தீட்டும் முறை

1. நீரிற் கரையும் அக்கிரிலிக் தீந்தையை உபயோகிக்க. முதலில் வெள்ளைப் பூச்சினை மெல்லியதாக இருமுறை பூசுக.

2. சாடியைச் சுற்றி நூல் கட்டி அடிவானக் கோட்டைக் குறிக்க. காட்சி சுற்றிவந்து தொடங்கிய இடத்திற் பொருந்துதல் வேண்டும்.

3. வானத்தை முதலிலும், தூரத்து மலையை வெளிறிய நீலத்திலும், வயலை அதன் பின்னும், அண்மையிலுள்ள பனை, கொக்கு, நெற்கதிர் ஆகியவற்றை இறுதியிலும் தீட்டுக. தூரப்பொருள் மங்கலாகவும் அண்மைப்பொருள் தெளிவாகவும் இருந்தாற் காட்சி ஆழம் பெறும்.

4. நன்கு உலர்ந்தபின் வெளிப்புறத்தில் வாணிசு பூசுக.

கடும் வெயிலில் வைக்கும் சாடிகளுக்கு வெளிர்நிறமே ஏற்றது. கருநிறம் வெப்பத்தை ஈர்த்து வேரைச் சுடும்.

எச்சரிக்கை

பழைய எனாமல் தீந்தைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். அது சிறுவருக்குப் பெருந்தீங்கு விளைக்கும். அத்தகைய தீந்தையைக் கீரை, மிளகாய், தக்காளி நடும் சாடிகளுக்குப் பூசலாகாது. பழந்தீந்தையை உலர்நிலையிற் சுரண்டித் தூளாக்கலுமாகாது. சாடியின் கீழ்த் தட்டிலும், இரு சாடிகளுக்கு இடையிலும் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். வாரம் ஒருமுறையேனும் அதனைக் கொட்டித் தேய்த்துக் கழுவுக.

சித்திரம் சாடியை வாங்கச் செய்யும். செழித்த செடியே வாங்கியவரை மீண்டும் வரச்செய்யும்.