இரு கைத் தூண்டிற்கோல் எங்கே வளைகிறது

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ முன்னே பறக்க, அதன் பின்னால் நைலான் நரம்பு இழுபட்டுச் செல்கிறது. ஈத்தூண்டில் என்னும் முறையிலோ இந்த வரிசை தலைகீழாகிறது. முள்ளின் மீது இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்யப்படும் போலிப் பூச்சிக்குச் சொல்லத்தக்க எடை இல்லாததால், அங்கே எறியப்படுவது பூச்சியன்று, தடித்துக் கனத்த கயிறே. அந்தக் கயிற்றின் எடை கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது கயிறு விரிந்து சென்று, பூச்சியை நீரின் மேல் இறக்குகிறது. ஆகவே ஈத்தூண்டிலின் கோல் மீனை இழுக்கும் கழி மட்டுமன்று, ஆற்றலைச் சேர்த்துவைத்துத் திருப்பித்தரும் வில்லும் ஆகும். அந்த வில் எந்த இடத்தில், எவ்வளவு வளைய வேண்டும் என்பதே கோல் செய்வோரின் முதற்கேள்வி. பழைய கோலைத் திருத்துவோரின் கேள்வியும் அதுவே.

இரு கைகளாலும் பிடித்து எறியும் நீண்ட கோலுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றிலிருந்து வந்தது. அட்லாண்டிக் சால்மன் மீன்கள் ஏறிவரும் அந்த ஆற்றின் கரைகள் பல இடங்களில் உயர்ந்தும் மரங்கள் அடர்ந்தும் இருப்பதால், கயிற்றை முதுகுப்புறம் நீளமாக வீசிப் பின் முன்னே எறியும் வழக்கமான முறை அங்கே கைகொடுக்கவில்லை. வீசிய கயிறு கிளைகளில் சிக்கிக்கொண்டது. எனவே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறொரு முறை அங்கே உருவாயிற்று. கயிற்றின் முன்பகுதி எறிபவரின் பக்கவாட்டில் நீரைத் தொட்டு ஒரு கணம் பற்றி நிற்க, எஞ்சிய பகுதி கோலுக்குப் பின்னே அரைவட்டமாகத் தொங்குகிறது; அந்த அரைவட்டத்தின் எடையும் நீரின் பிடிப்பும் சேர்ந்து கோலை வளைக்க, கயிறு முன்னோக்கிப் பாய்கிறது. கோல் நீளமாக இருந்தால் நீரிலிருந்து தூக்கும் கயிறும் மிகுதி, பின்னே தொங்கும் அரைவட்டமும் பெரிது. மேற்கை தாங்குபுள்ளியாக நிற்க, கீழ்க்கை கோலின் அடியைத் தன் உடலை நோக்கி இழுக்கிறது. எறிதலின் வலிமையில் பெரும்பங்கு இந்தக் கீழ்க்கையினுடையது என்பதைப் புதிதாகப் பழகுவோர் நம்ப மறுப்பதுண்டு.

அக்காலக் கோல்கள் 16 முதல் 18 அடி வரை நீண்டிருந்தன. தென் அமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் என்னும், நீரில் மூழ்குமளவு கனத்த மரத்தில் அவை இழைக்கப்பட்டன. இவ்வளவு நீண்ட கோலை ஒரே துண்டாக எடுத்துச்செல்ல இயலாது. துண்டுகளாக்கி, ஒன்றன் நுனியை மற்றொன்றின் பித்தளைப் பூணில் செருகுவதே எளிய வழியாக இருந்தது. ஆனால் பூண் வளையாது. பூண் உள்ள ஒவ்வோர் இடத்திலும் கோலின் வளைவு அறுபட்டு, அடுத்த துண்டில் புதிதாகத் தொடங்குகிறது. இன்வர்னஸ் நகரைச் சேர்ந்த அலெக்சாண்டர் கிராண்ட் இதற்கு ஒரு தீர்வு கண்டார். வயலின் செய்வதிலும் தேர்ந்தவராகிய அவர், மரத்தின் அதிர்வு அடியிலிருந்து நுனிவரை தடையின்றி ஓட வேண்டும் என்று கருதி, 1894இல் காப்புரிமை பெற்ற தம் ‘வைப்ரேஷன்’ கோலில் பூணையே விட்டொழித்தார். இரண்டு துண்டுகளின் முனைகளும் நீண்ட சாய்வாக இழைக்கப்பட்டு, ஒன்றன் மேல் ஒன்று படிய வைத்து, தோல்வாரால் இறுகச் சுற்றப்பட்டன. ஆற்றங்கரையில் ஒவ்வொரு முறையும் சுற்றி ஒவ்வொரு முறையும் அவிழ்க்க வேண்டிய இந்த இணைப்பு பொறுமையைச் சோதிப்பதுதான். எனினும் மரமே தொடர்ந்து ஓடுவதுபோன்ற வளைவை அது தந்தது. இணைப்பு என்பது கோலின் துணைப்பொருளன்று, கோலின் இயல்பையே தீர்மானிக்கும் உறுப்பு என்று கிராண்ட் கண்டுகொண்டது இக்கலையின் வரலாற்றில் பெரிய அடி.

மரத்திற்குப் பிறகு மூங்கில் வந்தது. பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் ஃபிலிப், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மூங்கிலைக் கீறி ஒட்டிக் கோல் செய்த முன்னோடிகளுள் ஒருவர். மூங்கிலின் வலிமை அதன் புறத்தோலை ஒட்டிய நார்களில் செறிந்திருப்பதால், முக்கோண வெட்டுமுகம் கொண்ட ஆறு கீற்றுகளைத் தோல் வெளியே தெரியுமாறு சேர்த்து ஒட்டி, அறுகோணக் கோலாக்குவது பின்னர் நிலைத்த முறை. இதற்கான மூங்கில் முதலில் இந்தியாவிலிருந்து சென்றது. கல்கத்தாத் துறைமுகத்தின் பெயராலேயே அது அறியப்பட்டது. பின்பு தென்சீனத்தின் டோன்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமானத்துறைக்காக உருவாக்கப்பட்ட கார்பன் இழை, 1970களில் தூண்டிற்கோலுக்கு வந்துசேர்ந்ததும் எல்லாம் மாறியது. இன்று 13 அடிக் கோல் ஒன்றின் எடை 200 கிராம் அளவிலேயே நிற்கிறது.

கார்பன் கோலின் உடல், கைப்பிடியோ வளையமோ இல்லாத வெற்றுக்குழாயாகக் கிடைக்கிறது. தொழிலில் அதன் பெயர் ‘பிளாங்க்’. பிசின் ஊறிய கார்பன் தாளை, அடி பருத்து நுனி சிறுத்த எஃகு அச்சின் மீது சுருட்டி, நாடாவால் இறுகச் சுற்றி, அடுப்பில் வேகவைத்த பின் அச்சை உருவி எடுத்து அது செய்யப்படுகிறது. சுவர்த்தடிப்பு மாறாமல் குழாயின் விட்டம் மட்டும் இரு மடங்கானால் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதால், விட்டத்தில் மிகச் சிறிய வேறுபாடும் கையில் தெரியும். தாளின் விளிம்புகள் படியும் பக்கத்தில் விறைப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். குழாயைத் தரையில் ஊன்றி, மெல்ல வளைத்து உருட்டினால் அது தானே ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பதை உணரலாம். வளையங்களை வைக்கும் பக்கத்தை முடிவுசெய்வதற்கு முன் பலர் இதைப் பார்த்துக்கொள்கின்றனர்.

பிளாங்க்கிலிருந்து கோலைக் கட்டுவது வீட்டு மேசையிலேயே இயலும் வேலை. தக்கைவில்லைகளின் துளையைக் குழாயின் பருமனுக்கேற்ப ஒவ்வொன்றாக அரத்தால் விரித்து, ஒட்டி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து மேலே நீண்ட பிடியும் ரீலுக்குக் கீழே குட்டைப்பிடியும் அமைக்கின்றனர். தக்கை ஓக் மரத்தின் பட்டையை ஒருமுறை உரித்தால் மறுமுறை உரிக்க 9 ஆண்டுகள் காத்திருக்கும் போர்ச்சுகலிலிருந்தே பெரும்பாலும் இந்தத் தக்கை வருகிறது. கயிறு ஓடும் வளையங்கள், கோல் எத்தனை அடியோ குறைந்தது அத்தனை என்ற கணக்கில், நுனியை நோக்கி நெருக்கமாக வைக்கப்படுகின்றன. வளையத்தின் பாதத்தை அரத்தால் கத்திமுனைபோல் மெலியத் தேய்த்தால்தான், நூல் குழாயிலிருந்து பாதத்தின் மேல் இடைவெளியின்றி ஏறும். தேய்க்காத பாதம் நூலுக்கடியில் குழாயைக் குத்திக்கொண்டே இருந்து, ஒருநாள் அந்த இடத்திலேயே கோலை முறிக்கும். நூல் சுற்றியபின் எப்பாக்ஸி பூசி, அது வழிந்து ஒருபக்கம் திரளாதபடி சிறு மோட்டார் கோலை மணிக்கணக்கில் மெல்லச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூச்சு மெல்லியதாக இருப்பது அழகுக்காக மட்டுமன்று; நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் கோல் நிமிரும் வேகத்தைக் குறைக்கிறது.

புதிதாகக் கட்டுவதைவிட இருப்பதைத் திருத்துவதற்குத் துணிவு கூடுதலாக வேண்டும். பத்து, பதினோரடி ஒரு கைக் கோலின் அடியில் நான்கைந்து அங்குலக் கீழ்ப்பிடியைச் சேர்த்து, அதை இரு கைக் கோலாக்குவது பரவலான திருத்தம். பிடியை ஒட்டுவது எளிது. ஆனால் ஒரு கைக்கென அளந்த அடிப்பகுதி, இரு கைகளின் நெம்புதலையும் கனத்த கயிற்றையும் தாங்குமா என்பதைப் பார்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும். கோலைக் குறுக்க விரும்புவோர், எந்த முனையில் வெட்டுவது என்பதைத் தெளிந்திருக்க வேண்டும். நுனியில் வெட்டினால் மென்மையான பகுதி போய், கோல் விறைத்து, கனத்த கயிற்றைக் கேட்கும். அடியில் வெட்டினால் பருத்த பகுதி போவதால் கோல் தன் முதுகுவலிமையை இழக்கும். பழைய வளையங்களைக் கழற்றும்போது, கத்தியை வளையப்பாதத்தின் மேலுள்ள நூலில் மட்டுமே ஓட்டி, மிச்சத்தை நகத்தால் உரித்தெடுப்பதே முறை. குழாயின் மீது குறுக்கே விழும் மயிரிழைக் கீறல்கூடக் கார்பன் இழைகளை அறுத்துவிடும்.

திருத்திய கோலுக்கு எந்த எடைக் கயிறு பொருந்தும் என்பதே கடைசிக் கேள்வி. கயிற்றின் எடையைக் கிரெய்ன் என்னும் பழைய அலகால் அளக்கின்றனர். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம். எட்டாம் எண் ஒரு கைக் கயிற்றின் முதல் 30 அடிக்கு 210 கிரெய்ன் என்பது தரம். அதே எட்டாம் எண் தாங்கிய இரு கைக் கோலோ 500 கிரெய்னுக்கு மேற்பட்ட கயிற்றைச் சுமக்கிறது. எண் ஒன்றாயினும் பொருள் வேறு. அதனால்தான் நூல் சுற்றுவதற்கு முன்பே, வளையங்களை ஒட்டுநாடாவால் தற்காலிகமாகப் பொருத்தி, வெவ்வேறு எடைக் கயிறுகளை நீரில் எறிந்து பார்க்கின்றனர். கோல் அடிவரை வளைந்து, தள்ளாடாமல் நிமிர்வது எந்த எடையில் என்பதைக் கையே சொல்லிவிடும். அந்த எடையையும் கோலின் புதிய நீளத்தையும் மேற்பிடிக்குச் சற்று மேலே மெல்லிய தூவலால் எழுதி, அதன் மேல் எப்பாக்ஸி பூசுகின்றனர். வெட்டிய கோலில் தொழிற்சாலை அச்சிட்ட பழைய எண் இனிப் பொருந்தாது.