பச்சைப்பிள்ளையின் கண்ணில் பீளையா? அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலுள்ள நல்லேப்பிள்ளியில் பிரசவம் இன்று ஆஸ்பத்திரியில்தான். சுகப்பிரசவம் என்றால் இரண்டு, மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பச்சிளங்குழந்தையின் கண்ணைத் தாக்கும் பாக்டீரியா தலைகாட்டுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அப்போது டாக்டர் தூரத்தில், கைவைத்தியம் பக்கத்தில். ஆபத்தும் அங்கேதான்.

கொனோரியா கிருமி பொதுவாக 2 முதல் 5 நாளில் வெளிப்படும். இமை வீங்கி மூடிக்கொள்ளும்; துடைக்கத் துடைக்கச் சீழ் வழியும். கருவிழியைப் புண்ணாக்கி, ஓரிரு நாளில் ஓட்டையே போட்டுவிடக்கூடிய கிருமி இது. கிளமிடியா 5 முதல் 14 நாளில் வரும். பின்னர் நிமோனியாவையும் உண்டாக்கலாம். இரண்டும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றுபவை. தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கலாம்.

சிவப்பும் வீக்கமும் இல்லாமல் நீர் மட்டும் வடிந்தால் கண்ணீர்க்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

1880இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரேடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத சில்வர் நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கினார். அவருடைய பிரசவ விடுதியில் பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்த நோய், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்று அதன் இடத்தில் டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் களிம்புகளும் வந்துவிட்டன. நோய் வந்த பிறகோ வெறும் சொட்டு மருந்து போதாது. கொனோரியாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி, கிளமிடியாவுக்கு உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து. அப்பா, அம்மா இருவருக்கும் சிகிச்சை வேண்டும். யார் மேல் குற்றம் என்று பேசி நேரத்தைக் கடத்தக் கூடாது.

தாய்ப்பால் பிள்ளையின் வயிற்றுக்கு அமுதம். சீழ் பிடித்த கண்ணுக்கு மருந்தல்ல. விளக்கெண்ணெய், மை எதுவும் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீடு தேடி வர வேண்டும். வரும்போதெல்லாம் குழந்தையின் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தால், அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவையுங்கள். பீளை கண்டால் அடுத்த வருகைவரை காத்திருக்க வேண்டாம். கேரள-தமிழக எல்லைக்கு எந்தப் பக்கமானாலும், அரசு ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை இலவசம்.