யுத்தகாலச் சிநேகமும் களக்காட்டுச் சீமையும்

1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் தேதி ஜெர்மானியப் படைகள் ருஷ்ய எல்லையைக் கடந்து உட்புகுந்தன. மூன்று வாரங்களுக்குள், ஜூலை 12-ஆம் தேதி, பிரிட்டனும் ருஷ்யாவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. யுத்தத்தில் ஒருவருக்கொருவர் உதவுவதென்றும், தனித்துச் சமாதானம் பேசுவதில்லை என்றும் அதில் கண்டிருந்தது. பிரிட்டன் முடியரசு, தனியார் சொத்துரிமையை ஆதாரமாகக் கொண்டது, பெரியதொரு சாம்ராஜ்யத்தை ஆண்டுவந்தது. ருஷ்யாவோ தன் அரசரைக் கொன்று, நிலத்தையும் ஆலைகளையும் அரசாங்கத்தின் கைக்கு மாற்றிய பொதுவுடைமை நாடு. 1918-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் துருப்புகளே ருஷ்ய மண்ணில் இறங்கி அப்புதிய அரசாங்கத்தின் எதிரிகளுக்குத் துணைநின்றதுண்டு. இந்தியாவில் கம்யூனிஸ்டுக் கட்சி 1934 முதல் தடை செய்யப்பட்டிருந்தது. அத்தடை 1942 ஜூலையில் நீக்கப்பட்டது. நேற்றுவரை சட்டவிரோதமாயிருந்த கொள்கை, யுத்த முயற்சியை ஆதரித்தமையால், ஒரே உத்தரவில் சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று.

இத்தகைய சிநேகம் எவ்வாறு உண்டாகிறது என்று கேட்போர் விடை தேடி ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலேயே 1755 முதல் 1766 வரையிலான பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இதைக்காட்டிலும் விசித்திரமான கூட்டுகள் பல ஏற்பட்டுக் கலைந்தன.

அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாப் முகம்மதலி, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படைபலத்தைக்கொண்டு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி வசூலிக்க முயன்றார். 1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் ஒரு சேனை தெற்கே வந்தது. அதனுடன் வந்தவர் நவாபின் தமையனாரான மாபூஸ்கான். ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு இரு சீமைகளின் வசூலும் அவருக்குக் குத்தகையாக விடப்பட்டது. தாமிரபரணிப் பாய்ச்சலில் கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் முதலியவற்றின் கீழ் விளையும் நஞ்சைகளை நம்பியே அத்தொகை பேசப்பட்டது என்பதில் ஐயமில்லை. மானாவாரிக் கரிசலை மட்டும் நம்பி எவனும் 15 லட்சத்துக்குக் குத்தகை எடுக்கமாட்டான்.

இதை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் நெற்கட்டும்செவல் பாளையக்காரரான பூலித்தேவர். அவர் யாரோடு சேர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது. முன்னர்ச் சந்தாசாகிபின் ஆட்களாய் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை வைத்துக்கொண்டிருந்த முடேமியா, நபிகான் கட்டக் முதலிய பட்டாணியத் தலைவர்கள் அவருடைய கூட்டாளிகளாயினர். அவர்களும் ஒரு காலத்தில் பாளையக்காரரிடம் பணம் கேட்டு நின்றவர்களே. மேற்கே மலைக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூரின் துணையும் ஒரு சமயம் பூலித்தேவருக்குக் கிட்டியது. எதிர்ப்பக்கத்திலும் இதே கலப்புத்தான். பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் மாபூஸ்கானோடு நின்றன. பாளையக்காரருக்குப் பாளையக்காரரே எதிரி; இரு தரப்பிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்தே இருந்தனர்.

1756 மார்ச் 21-ஆம் தேதி திருநெல்வேலிக்கு அருகில் இரு கூட்டுகளும் மோதின. அது பங்குனி மாதம். பிசான நெல் களத்துக்கு வரும் பருவம். நகரம் எவன் கையில் இருக்கிறதோ அவனே அவ்வாண்டின் மேல்வாரத்தை அளந்துகொள்வான். அன்றைய சண்டையில் முடேமியா மாண்டார், பூலித்தேவர் பின்வாங்கினார். மதத்தையோ குலத்தையோ காத்தற்பொருட்டு அப்போர் நடந்தது என்று கருதுவோர் அந்த மாதத்தையும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

பின் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. அப்போரில் வென்ற மாபூஸ்கான், சிறிது காலத்துக்குள் தம்பியோடும் கம்பெனியாரோடும் பிணங்கி, தாம் யாரை அடக்க வந்தாரோ அந்தப் பூலித்தேவரோடேயே சேர்ந்துகொண்டார். மூத்தவர் தாமிருக்க இளையவர் நவாபாய் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பூலித்தேவருக்கோ நவாபின் தமையனார் தம் பக்கம் இருப்பது பெருத்த அனுகூலம். அவர் பெயரைச் சொன்னால் வசூலுக்கு ஒரு நியாயம் கற்பிக்கலாம். ஒருவரிடம் பெயர் இருந்தது, ஆள் இல்லை. மற்றவரிடம் ஆள் இருந்தது, பெயர் இல்லை. ஒருவர் கொள்கையை மற்றவர் ஏற்கவேண்டும் என்ற பேச்சே எழவில்லை. பின்னர் மாபூஸ்கான் தம் தம்பியோடு சமாதானமாகிப் போய்விட்டார்.

களக்காட்டுச் சீமையின் கதையைப் பார்த்தால் இக்கூட்டுகளின் உட்பொருள் நன்கு விளங்கும். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில், பச்சையாறு பாயும் செழித்த நிலம் அது. அந்த ஆறு கீழே வந்து தாமிரபரணியில் கலக்கிறது. வேணாட்டு அரசர்கள் முற்காலத்தில் களக்காட்டில் தங்கியிருந்ததுண்டாதலின், திருவிதாங்கூருக்கு அதன்மீது பழைய பாத்தியம் உண்டென்ற எண்ணம் இருந்தது. முடேமியா திருநெல்வேலியில் அதிகாரம் செலுத்திய நாளில் அச்சீமையைத் திருவிதாங்கூருக்கு விற்றுவிட்டார். விற்க அவருக்கு என்ன உரிமை இருந்தது என்பது வேறு விஷயம்.

1759-இல் கம்பெனியாரின் தளகர்த்தரான யூசுப்கான் பூலித்தேவரை அடக்கும்பொருட்டு மீண்டும் தெற்கே வந்தார். அவர் கையில் போதிய படை இல்லை. அச்சமயம் பூலித்தேவரும் வடகரைப் பாளையக்காரரும் செங்கோட்டைப் பக்கத்தில் திருவிதாங்கூர் எல்லையைத் தொல்லைப்படுத்தி வந்தனர். ஆகவே முன்பு பூலித்தேவருக்குத் துணைநின்ற திருவிதாங்கூர் இப்போது யூசுப்கானோடு சேர்ந்து, வடகரைமீது படையெடுத்தது. இதைக் கண்ட பூலித்தேவர், கம்பெனிப் பக்கத்தைக் கைவிட்டால் களக்காடு முதலிய இடங்களைப் பெறலாம் என்று திருவிதாங்கூர் அரசருக்கு ஆசை காட்டினார். அரசர் அச்செய்தியை யூசுப்கானிடமே தெரிவித்துக் களக்காட்டைக் கேட்டார். யூசுப்கானும் கூட்டு முறிந்துபோகும் என்று அஞ்சி, நவாபின் சம்மதத்துக்குக் காத்திராமல், அதைக் கொடுத்துவிட்டார்.

ஐக்கிய சங்கத்தில் கடன் கேட்கும் ஓர் அங்கத்தினர் தம் பெயரில் பட்டா இல்லாத நிலத்தை ஈடாகக் காட்டினால், நிர்வாகப் பஞ்சாயத்தார் அந்த மனுவைப் படித்த மாத்திரத்தில் தள்ளிவிடுவர். களக்காடோ விற்றவனுக்கும் சொந்தமில்லை, ஆசை காட்டியவனுக்கும் சொந்தமில்லை, தானமாகக் கொடுத்தவனுக்கும் சொந்தமில்லை. ஆயினும் மூன்று முறையும் அதைக்கொண்டே சிநேகம் வாங்க முயன்றனர். இருமுறை வாங்கியும் விட்டனர். கொள்கையால் ஒட்டாத இருவர் யுத்தகாலத்தில் கூடும்போது, ஒருவர் மற்றவருக்குத் தம் கொள்கையைக் கொடுக்க இயலாது. தம் சொந்த நிலத்தைக் கொடுக்க மனம் வராது. எஞ்சியிருப்பது மூன்றாமவன் பொருளே. 1939 ஆகஸ்டு 23-இல் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் ருஷ்யாவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஓர் இரகசியப் பகுதி இருந்தது. போலந்தைப் பங்கிட்டுக்கொள்வதற்கான கோடு அதில் குறிக்கப்பட்டிருந்தது. 1945 பிப்ரவரியில் யால்ட்டாவில் ருஷ்யாவோடு கூடிப்பேசிய பிரிட்டிஷ், அமெரிக்கத் தலைவர்களும் போலந்தின் கிழக்குப் பகுதி ருஷ்யாவோடு இருக்கச் சம்மதித்தனர். இரண்டு கூட்டுகளும் ஒன்றுக்கொன்று நேர்விரோதமானவை. விலையாகக் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் ஒரே நிலம்.

இதனால் இத்தகைய கூட்டெல்லாம் பொய் என்று தள்ளிவிடுவதும் சரியன்று. வாய்க்கால் கரை உடைப்பெடுக்கும் இரவில், பகலெல்லாம் மடைச்சண்டை போட்ட இருவர் அருகருகே நின்று மண் கொட்டுவர். அப்போது அவர்கள் கொட்டும் மண் மெய்யான மண்தான். ஹிட்லரின் படைகளை ருஷ்யப் போர்வீரர் தடுத்துநிறுத்தியதும், அவர்களுக்கு அமெரிக்கா லாரிகளும் உணவும் அனுப்பியதும் வெறும் நடிப்பல்ல. கரை அடைபட்ட மறுநாள் மடைச்சண்டை மீண்டும் தொடங்கும் என்பதை மட்டும் மறக்கலாகாது. 1945-இல் ஜெர்மனி வீழ்ந்தது. 1948-இல் பெர்லின் நகருக்குச் செல்லும் தரைவழிகளை அந்த ருஷ்யாவே தன் பழைய நேசர்களுக்கு அடைத்துவிட்டது.

திருநெல்வேலியிலும் அவ்வாறே ஆயிற்று. 1759-ஆம் ஆண்டின் இறுதியில் யூசுப்கானும் திருவிதாங்கூர்ப் படையும் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கி வெல்ல இயலாமல் திரும்பினர். 1761 மே மாதத்தில் வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் பனையூரும் யூசுப்கான் வசமாயின. பூலித்தேவர் என்னும் பொது எதிரி நீங்கியபின் யூசுப்கானுக்கும் திருவிதாங்கூருக்கும் சேர்ந்து நிற்கக் காரணம் ஏதும் இல்லை. தாம் கொடுத்த களக்காட்டைத் திரும்பப் பெறவேண்டி யூசுப்கானே திருவிதாங்கூர்மீது போர் தொடுத்தார்.

அதற்குள் நவாபோடும் கம்பெனியாரோடும் அவருக்குப் பகை முற்றியிருந்தது. 1758-59-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டபோது அவர்களுக்கு வந்த தளவாடங்களை வழிமறித்து அலைக்கழித்தவர் இந்த யூசுப்கான். 1763-இல் அவரே பிரெஞ்சுக் கொடியை ஏற்றி, மர்ஷான் என்னும் பிரெஞ்சுத் தளபதியையும் அவருடைய ஆட்களையும் மதுரைக் கோட்டையில் வைத்துக்கொண்டார். பிரெஞ்சு அரசாங்கமோ அவ்வாண்டு பிப்ரவரியிலேயே பாரிஸ் நகரில் ஆங்கிலேயரோடு சமாதானம் செய்துகொண்டிருந்தது. கோட்டை நெடுநாள் தாக்குப்பிடித்தது. முடிவில் 1764 அக்டோபரில் யூசுப்கானைப் பிடித்துக்கொடுத்தவர்களில் மர்ஷானும் ஒருவர். 15-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

1766-இல் நவாபுக்கும் திருவிதாங்கூருக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி களக்காட்டின்மீது கொண்டாடிய பாத்தியத்தைத் திருவிதாங்கூர் விட்டுக்கொடுத்தது. அதற்குள் அச்சீமையின் குடியானவர்கள் எத்தனை அதிகாரிகளின் ஆட்கள் தங்கள் களத்துமேட்டில் வந்து நெல்லை அளக்கக் கண்டார்கள் என்று கணக்கெடுத்தவர் ஒருவரும் இல்லை. அந்த உடன்பாடுகள் எதிலும் அவர்களிடம் கையெழுத்துக் கேட்கப்படவுமில்லை.