முத்திரையின் இரு பணிகள்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சமண காஞ்சி எனப் பெயர் பெற்றது. அவ்வூர் வச்சிரநந்திக் குரவருக்குப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் அளித்த பள்ளிச்சந்தத்தைப் பள்ளங்கோயில் செப்பேடுகள் பதிவு செய்துள்ளன. பொதுவாகச் செப்பேடுகளின் கட்டமைப்பே ஆராயத்தக்கது. ஏடுகளைத் துளையிட்டு வளையத்தில் கோத்து, வளைய முனைகள் கூடுமிடத்தில் அரச இலச்சினையைப் பொருத்துவர். பல்லவர்க்கு நந்தி, சோழர்க்குப் புலி. இலச்சினை சிதையாமல் ஓர் ஏட்டை உருவவோ, பொய்யேட்டைச் செருகவோ இயலாது. விடுத்தவர் இன்னார் என உரைப்பதும், இடையில் பிறர் கை படவில்லை எனச் சான்று பகர்வதும் முத்திரையின் இரு பணிகளாம்.

ஓலைக்கும் தாளுக்கும் மண்ணும் மெழுகும் அரக்குமே காவல். (காஞ்சிப் பட்டில் இன்று நிறப்பெயராக வழங்கும் அதே அரக்குதான்.) கோவலனுக்கு மாதவி விடுத்த ஓலையும் மண் இலச்சினை பெற்றதே.

முத்திரையிடாத மடலை ரோமர் படிப்பதில்லை என்று கூறப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்தார்கள். 'முஹம்மது ரசூலுல்லாஹ்' என மூன்று வரிகளில் பொறிக்கப்பட்ட அதனைப் போன்று வேறெவரும் பொறிக்கலாகாது எனவும் தடுத்தார்கள். முத்திரையின் உயிர்நிலை அத்தடையில்தான் இருக்கிறது. அம்மோதிரம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் வீழ்ந்து மறைந்தது.

ஹிஜ்ரி 35இல் அதே கலீஃபாவின் முத்திரையுடன் ஒரு மடல் எகிப்தியர் கையில் சிக்கியது. தாம் அதனை எழுதவில்லை என அவர்கள் ஆணையிட்டார்கள். முத்திரையைப் போல முத்திரை செதுக்க முடியும் என்றும் எடுத்துரைத்தார்கள். கலகக்காரர் ஏற்கவில்லை. முற்றுகை அவர்களது ஷஹாதத்தில் முடிந்தது.

முஆவியா (ரலி) எதிர்கொண்ட சிக்கல் வேறு. ஒருவருக்கு 1,00,000 திர்ஹம் வழங்குமாறு இராக் ஆளுநருக்கு எழுதிய மடலை, அதைக் கொண்டு சென்றவரே பிரித்து 2,00,000 எனத் திருத்திவிட்டார். அரபியில் 'மிஅத்' என்பதை 'மிஅதைன்' ஆக்க ஓரிரு எழுத்துகளே போதும். மடல் உண்மையானதே, மூடப்படாததே குறை. அதன் பின்னரே 'தீவானுல் காதம்' எனும் முத்திரைத் துறை தோன்றியது. மடல்கள் கட்டி முத்திரையிடப்பட்டன.

அப்பாஸியர் இதற்குச் சீராஃபிலிருந்து செம்மண் தருவித்ததையும், மக்ரிபின் எழுத்தர்கள் தாளைத் துளைத்து அத்துளையின் மீது மெழுகிட்டு முத்திரை பதித்ததையும் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விவரிக்கிறார்.